திருகோணமலை வெயிலுக்கு ஏ.டி. டயர்: தேர்ந்தெடுப்பதிலிருந்து கழற்றி எறிவது வரை

கந்தளாயைத் தாண்டி அக்போபுரப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஓகஸ்ட் மாதம், பகல் இரண்டு மணி. கெப்பின் பின்னால் ஆறு ஐஸ் பெட்டிகள், அவற்றுக்குள் குச்சவெளியில் ஏற்றிய மீன். பின் இடது சில்லிலிருந்து 'தொப் தொப்' என்று சத்தம் கேட்கத் தொடங்கியது. பிரேக்கில் கால் வைப்பதற்குள் டயர் வெடித்துவிட்டது. இறங்கிப் பார்த்தால், மேல்தோல் முழுவதும் உரிந்து பாம்புச் சட்டை போல வீதியில் நீளமாகக் கிடந்தது. கட்டைகள், அதாவது மேல்தோலில் துருத்தி நிற்கும் இறப்பர்த் துண்டுகள், தேயவே இல்லை. பதினோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.

மீனுக்கு என்ன நடந்தது என்பதை விடுவோம். உதிரிச் சில்லை மாட்டிவிட்டு, உரிந்த டயரின் பக்கச் சுவரைத் துடைத்துப் பார்த்தபோதுதான் நான்கு இலக்கங்கள் கண்ணில் பட்டன: 1517. 2017ஆம் ஆண்டின் 15ஆவது வாரத்தில் தயாரான டயர். நான் அதைப் 'புத்தம் புதியது' என்று வாங்கியது 2022இல். ஐந்து வருடம் ஏதோ ஒரு தகரக் கொட்டகைக்குள் வெந்துகொண்டிருந்த பொருளுக்கு முழு விலை கொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகு ஏ.டி. டயர் (தாரிலும் கரட்டுத் தரையிலும் ஓடும் 'ஓல் டெரெய்ன்' வகை) வாங்கும்போது நான் பார்க்கும் வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் வயது, அடுத்தது சுமை, பிறகு காற்று. கட்டை எவ்வளவு முரடாக இருக்கிறது என்பது கடைசி. கடைக்காரர்கள் இதே பட்டியலை மறுமுனையிலிருந்து சொல்வார்கள்.

வெயில் டயரை என்ன செய்கிறது?

டயரைக் கொல்லும் சூடு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. டயர் உருளும்போது தரையைத் தொடும் இடம் தட்டையாகிறது. மேலே போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. கெப் டயர் ஒன்று கிலோமீட்டருக்கு நானூறு தடவைக்கு மேல் சுற்றுகிறது. அத்தனை தடவையும் இந்த வளைதலும் நிமிர்தலும் நடக்கின்றன. வளைப்பதற்குச் செலவான சக்தி முழுவதையும் இறப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கைச் சூடாக வைத்துக்கொள்கிறது. ஒரு கம்பியை மாறி மாறி வளைத்தால் வளையும் இடம் கையைச் சுடுமே, அதே கதைதான்.

காற்றுக் குறைந்தால் வளைவு கூடுகிறது. சுமை ஏறினாலும் அப்படித்தான். வேகம் கூடினால் வளைவுகள் நெருக்கமாக வருகின்றன, சூடு வெளியேற நேரம் கிடைப்பதில்லை. குளிர்ந்த நாட்டில் இந்தச் சூட்டைக் காற்றும் வீதியும் வாங்கிக்கொள்ளும். நம்மூரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலிலேயே 35 பாகை. தார் வீதியின் மேற்பரப்பு 60 பாகைக்கும் போகும். டயர் தன் சூட்டை யாரிடம் கொடுக்கும்? அது உள்ளேயே தங்கி, மேல்தோலுக்கு அடியில் இருக்கும் உருக்குக் கம்பிப் பட்டிகளின் ஓரம் இறப்பரோடு ஒட்டியிருக்கும் இடத்தைத் தளர்த்துகிறது. மேல்தோல் உரிவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் நிறுவனம் ஏறத்தாழ 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றதை மூத்த சாரதிகள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அவற்றில் ஒரு ரகத்தின் பெயரே வில்டர்னஸ் ஏ.டி. பெரும்பாலும் போர்ட் எக்ஸ்ப்ளோரர் வாகனங்களில் பூட்டப்பட்டவை. மேல்தோல் உரிந்த சம்பவங்கள் டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா போன்ற வெப்பமான மாநிலங்களில் குவிந்தன. காற்றழுத்தம் பற்றியும் பெரிய சண்டை நடந்தது: வாகன நிறுவனம் பரிந்துரைத்தது 26 பிஎஸ்ஐ, டயர் நிறுவனம் சொன்னது 30. தயாரிப்பில் குறை, வெயில், குறைந்த காற்று, ஏற்றிய சுமை எல்லாம் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் டயர் உலகில் இல்லை.

இன்னொரு சேதம் ஓடாமல் நிற்கும்போதே நடக்கிறது. சூடும் ஒட்சிசனும் இறப்பரை மெல்ல இறுக்கிக் கெட்டியாக்குகின்றன. வெப்பநிலை 10 பாகை கூடினால் முதுமையடையும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இறப்பர் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் பொதுவான கணக்கு. என் 1517 டயர் கொட்டகைக்குள் கழித்த ஐந்து வருடத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

படி 1: எங்கே ஓடுகிறீர்கள் என்று ஒரு மாதம் எழுதுங்கள்

ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர், அதில் தார் எவ்வளவு, கிரவல் எவ்வளவு, மணல் எவ்வளவு, பின்னால் எத்தனை கிலோ என்று குறித்து வையுங்கள். கேட்கும்போது சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் 'நான் எப்போதும் காட்டுக்குள்தான்' என்று சொன்ன நண்பர் ஒருவர் எழுதிப் பார்த்தபோது, அவருடைய ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு தார் வீதி என்று தெரிந்தது.

திருகோணமலையிலிருந்து ஹபரணைக்கு ஏ6 வீதியில் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். நல்ல தார், கால் தானாக அழுத்தும். வெயிலில் டயருக்கு ஆபத்தான வீதி இதுதான், குண்டும் குழியுமான வீதிகள் அல்ல. ஹொரவப்பொத்தானை வழியாக அநுராதபுரம் போகும் ஏ12க்கும், கிண்ணியா, மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ15க்கும் இது பொருந்தும். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைக் கரையில் தாரை விட்டு இறங்கினால் மணல். திரியாய், கோமரங்கடவல, மொறவெவ உட்பகுதிகளில் கிரவலும் கூர்க்கல்லும். சம்பூர்ப் பக்கம் ஒற்றையடித் தடங்களில் உடைமுள்ளும் பனங்கருக்கும் பக்கச் சுவரைக் கிழிக்கக் காத்திருக்கும்.

படி 2: ஏ.டி. டயர் உங்களுக்குத் தேவைதானா?

பத்தில் ஒன்பது பங்கு தார் என்றால் தேவையில்லை. நெடுஞ்சாலைக்கான எச்.டி. டயர் கட்டை குறைவானது, குறைவாகச் சூடாகும், எரிபொருளும் மிஞ்சும். கிரவலும் மணலும் கால் பங்குக்கு மேல் வந்தால் ஏ.டி. சரியான தெரிவு. சேற்றுக்கான எம்.டி. டயரை நம்மூரில் பெரும்பாலும் அழகுக்காகத்தான் பூட்டுகிறார்கள். தடித்த பெரிய கட்டைகள் கூடுதல் சூட்டைத் தேக்கி வைக்கும். தாரில் இரைச்சலும் தாங்காது. மார்கழி மழையில் தம்பலகாமத்துக் களிமண் வயலுக்குள் இறங்க வேண்டியவர்கள் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம். அவர்களையும் கடைசியில் உழவு இயந்திரம்தான் இழுத்து எடுக்கிறது என்பது வேறு விடயம்.

படி 3: அளவும் சுமை எண்ணும்

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். உங்கள் வாகனத்துக்கான டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. இறக்குமதியான பழைய வாகனங்களில் அது கிழிந்திருந்தால் கையேட்டைத் தேடுங்கள். முந்தைய உரிமையாளர் பூட்டிய டயரைப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள்.

உதாரணத்துக்கு 265/65 ஆர் 17 என்றால் அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம். 'ஒரு அளவு கூட்டிப் போட்டால் உயரமாக இருக்கும்' என்று 265/70 ஆர் 17 பூட்டுகிறவர்கள் உண்டு. மொத்த விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 803 ஆகும். வண்டி உயர்வது அதில் பாதி, 13 மில்லிமீட்டர். பதிலுக்கு, வேகமானி 80 காட்டும்போது நீங்கள் உண்மையில் ஏறத்தாழ 83இல் போகிறீர்கள், இயந்திரமும் கூடுதலாக இழுக்கிறது. 13 மில்லிமீட்டருக்கு இது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

அளவுக்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும்தான் முக்கியம். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும்; 115 என்றால் 1215; 121 என்றால் 1450. ஒட்டுத்தாளில் உள்ள எண்ணுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் போக வேண்டாம். அடுத்து வரும் எழுத்து வேகத்துக்கானது: கியூ 160, ஆர் 170, எஸ் 180, டி 190 கிலோமீட்டர். நம் வீதிகளில் யார் 180இல் போகிறார்கள் என்று கேட்கலாம். ஆனால் அது சூட்டைத் தாங்குவதற்கான எழுத்தும்கூட. கூடிய வேகத்தில் சிதையாத டயர், குறைந்த வேகத்தில் வெயிலையும் சுமையையும் சேர்த்துத் தாங்குவதற்குச் சற்று இடம் வைத்திருக்கிறது. வாகனத்துக்குச் சொல்லப்பட்ட எழுத்துக்குக் கீழே இறங்காமல், அதே விலையில் கியூவும் எஸ்ஸும் கிடைத்தால் எஸ் எடுங்கள்.

இனி எல்லோரும் தடுமாறும் இடம். சில ஏ.டி. டயர்களில் அளவுக்கு முன்னால் 'எல்.டி.' என்று இருக்கும். இவை பாரம் ஏற்றும் வாகனங்களுக்கான தடித்த உடல் கொண்டவை. கடையில் '10 பிளை போடுங்கள் தம்பி, கல்லுப் போல நிற்கும்' என்பார்கள். 10 பிளை என்பது இன்று உள்ளே பத்து அடுக்கு இருப்பதாகப் பொருள் அல்ல. பழைய கணக்கில் வந்த வலிமைக் குறியீடு. அந்த டயர் 121 என்ற எண்ணுக்குரிய 1450 கிலோவைத் தாங்குவது 80 பிஎஸ்ஐ காற்றில். கதவு ஒட்டுத்தாளில் உள்ள 30 அல்லது 35 பிஎஸ்ஐ, வாகனத்தோடு வந்த சாதாரண டயருக்கு எழுதியது. அதே காற்றை எல்.டி. டயருக்கு அடித்து, 'வலிமையான டயர்தானே' என்று முக்கால் தொன் ஏற்றினால், அது காற்றுக் குறைந்த டயராகவே ஓடுகிறது. தடித்த உடல் வளைந்து வளைந்து மெல்லிய டயரைவிட மோசமாகச் சூடாகும். எல்.டி. வாங்கினால், எந்தச் சுமைக்கு எவ்வளவு காற்று என்ற தயாரிப்பாளரின் அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். அட்டவணை கிடைக்காவிட்டால் நான் எல்.டி. வாங்குவதில்லை.

குடும்பத்தோடு ஓடும் கெப்புக்கு எல்.டி. வீண் பாரம். மீன், நெல் மூடை, சீமெந்து ஏற்றுகிறவர்களுக்குத் தேவை. ஐஸ் பெட்டிக்காரர்களுக்கு ஒரு சொல்: ஐஸ் உருகினாலும் பெட்டியின் தண்ணீரைத் திறந்துவிடும் வரை எடை குறைவதில்லை. ஹபரணை போய்ச் சேரும்போது பாரம் குறைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

படி 4: கடையில் டயரைப் படிக்கும் முறை

பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். முழு வரியும் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சாகியிருக்கலாம். காணவில்லை என்றால் டயரைத் திருப்பச் சொல்லுங்கள். நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள், மூன்று புதியதும் ஒன்று பழையதுமாக வருவதுண்டு. ஒரு வயதுக்குள் என்றால் பேசாமல் எடுக்கிறேன். இரண்டு வயது வரை விலை பேசுகிறேன். அதற்கு மேல், இலவசமாகத் தந்தாலும் இந்த வெயிலுக்கு வேண்டாம். கடை வாசலில் வெயில் படத் தொங்கும் டயருக்கு இந்தச் சலுகையும் கிடையாது. உள்ளே இருப்பதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

சாதாரண வகை டயர்களில் வெப்பத் தரம் ஏ, பி, சி என்று மூன்று எழுத்தில் ஒன்றாக இருக்கும். இது அமெரிக்க முறை. ஏ தரம் மணிக்கு 185 கிலோமீட்டருக்கு மேலும் சூட்டைத் தாங்குகிறது, சி தரம் குறைந்தபட்ச எல்லை. நம்மூருக்கு ஏ நல்லது, பி போதும், சி வேண்டாம். எல்.டி. டயர்களுக்கு இந்தத் தரப்படுத்தல் பொருந்தாது என்பதால் அவற்றில் எழுத்தைத் தேடி ஏமாற வேண்டாம். அங்கே வேக எழுத்துதான் துணை.

பக்கச் சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருந்தால், அது பனிப்பாதைச் சோதனையில் தேறிய டயர். இப்போது பல ஏ.டி. டயர்களில் இதைக் காணலாம். கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உப்புவெளியில் பனி பெய்யும் நாள் வரை அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி கலந்த இறப்பர், நம் வெயிலில் விரைவாகத் தேயவும் கூடும்.

பழைய டயருக்குப் புது மேல்தோல் ஒட்டிய ரீபில்ட் டயரைப் பற்றிக் கேட்பார்கள். ஊருக்குள் மெதுவாக ஓடும் வண்டிக்குச் சரி. பாரத்தோடு பகல் வெயிலில் ஏ6இல் ஓடுகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 5: கட்டையும் பக்கச் சுவரும்

நடுவில் இடைவெளி குறைந்த, தொடர்ச்சியான கட்டை வரிசை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தாரில் நேராக ஓடும், குறைவாக நெளியும், குறைவாகச் சூடாகும். ஓரத்துக் கட்டைகள் திறந்து பெரிதாக இருந்தால் மணலுக்கும் கிரவலுக்கும் அது போதும். கட்டையின் மேல் மெல்லிய வெட்டுக்கோடுகள் சில இருப்பது மழைக்கு நல்லது. கட்டை முழுவதும் கோடுகளாகவே இருந்தால் கூர்க்கல்லில் துண்டு துண்டாகப் பிய்யும். பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் இருக்கின்றனவா என்று விரலை விட்டுப் பாருங்கள். அவை சிக்கிய கல்லை வெளியே தள்ளுவதற்கு. இல்லாவிட்டால் அந்தக் கல் உருக்குப் பட்டி வரை குடைந்துகொண்டு போகும், கடற்கரை உப்புக்காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பக்கச் சுவர் இரண்டு அடுக்கா மூன்று அடுக்கா என்பதும் அங்கேயே அச்சிடப்பட்டிருக்கும். முட்காட்டுத் தடங்களில் தினமும் நுழைகிறவர்களுக்கு மூன்று. மற்றவர்களுக்கு இரண்டு போதும்.

படி 6: பூட்டும் நாள்

நான்கையும் ஒரே ரகமாகப் பூட்டுவதே சரி, நான்கு சில்லு ஓட்டமுள்ள வாகனத்தில் அது கட்டாயம். மற்ற வாகனங்களில் பணம் இரண்டுக்குத்தான் இருந்தால் புதியவை பின்னால். முன்னால்தானே போட வேண்டும் என்று பலர் வாதாடுவார்கள். ஈர வீதியில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைப் பிடிக்க முடியாது என்பதுதான் பதில். வால்வையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். பலன்சிங், சில்லு நேர்ப்படுத்தல் இரண்டையும் அன்றே முடித்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

கிண்ணியாவில் எனக்குச் சில்லு கழற்றித் தரும் நானா ஒருவர் இருக்கிறார். டயரைப் பூட்டுவதற்கு முன்பு உள்புறத்தைக் கையால் ஒரு சுற்றுத் தடவுவார். 'எதற்கு நானா?' என்று கேட்டேன். 'உள்ளே சுருக்கமோ வீக்கமோ இருந்தால் இப்போது சொல்லும். பிறகு வீதியில்தான் சொல்லும்' என்றார்.

படி 7: காற்று

விலை கொடுத்து வாங்கிய எல்லாவற்றையும் காப்பாற்றுவதும் கெடுப்பதும் இதுதான். காற்றை அளப்பது காலையில், வண்டி ஓடாமல், வெயில் படாமல் நிற்கும்போது. வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை உயர்ந்தால் அழுத்தம் 1 பிஎஸ்ஐ உயரும். ஓடிச் சூடான டயரில் காலையில் இருந்ததைவிட 4 முதல் 6 பிஎஸ்ஐ வரை கூடக் காட்டும். இது இயல்பு, டயரைச் செய்தவர்கள் இதையும் எண்ணித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் நம்மூரில், 'வெயிலுக்கு வெடிக்கும், கொஞ்சம் இறக்கிவிடுங்கள்' என்று பகலில் காற்றை இறக்கும் பழக்கம் இருக்கிறது. அது வெடிப்பைத் தடுப்பதில்லை, வரவழைக்கிறது. சூட்டில் 36 காட்டியதை 30க்கு இறக்கினால், ஆறியபின் அது 25க்கு வந்து நிற்கும். மறுநாள் அந்தக் காற்றோடு ஓடும்போது வளைவும் சூடும் இன்னும் கூடும்.

சொந்தமாக ஒரு காற்றுமானி வைத்திருங்கள். எரிபொருள் நிலையத்து மானியோடு ஒருமுறை ஒப்பிட்டால் ஏன் சொல்கிறேன் என்று புரியும். பாரம் ஏற்றும் நாளில் ஒட்டுத்தாளில் பாரத்துக்கென எழுதிய அழுத்தத்துக்கு ஏற்றுங்கள், இறக்கியபின் பழையபடி. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் பூட்டுங்கள். நைதரசன் அடிப்பதால் தீங்கில்லை. ஆனால் அதுவும் சூட்டில் விரியும் வாயுதான். அந்தப் பணத்துக்குக் காற்றுமானி வாங்கலாம்.

மணலில் மட்டும் இந்த விதி மாறும். நிலாவெளிக்கு அப்பால் படகுத்துறைத் தடங்களில் இறங்கும்போது காற்றை 18 அல்லது 20 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். வேகம் 30க்குள், திருப்பங்கள் அகலமாக. உச்சிவெயிலில் காய்ந்த மணலைவிட அதிகாலை ஈர மணல் இறுக்கமானது என்பது கரைவலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தாருக்கு ஏறியதும், 'ஊருக்குப் போய் அடிக்கலாம்' என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்திக் காற்றை ஏற்றுங்கள். பற்றரியில் ஓடும் சிறிய கொம்பிரசர் இல்லாமல் நான் மணலில் இறங்குவதே இல்லை.

படி 8: நிறுத்தி வைப்பது, கழற்றி எறிவது

வேப்பமர நிழல் கிடைத்தால் நூறு அடி நடந்தாலும் பரவாயில்லை, அங்கே நிறுத்துங்கள். நீண்ட நாள் நிற்கும் வண்டியின் சில்லுகளை வெயில் படும் பக்கத்தில் சாக்கால் மூடுங்கள். இறப்பரில் கலந்துள்ள மெழுகு, டயர் ஓடி வளையும்போது மேலே கசிந்து ஓசோனிலிருந்து காக்கிறது. ஓடாத டயர் வெடிப்பு விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பளபளப்புக்காகப் பூசும் எண்ணெய்ப் பூச்சுகள் இந்த மெழுகைக் கரைத்துவிடலாம். கழுவச் சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.

பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் அடையாள மேடு வரை தேய விடாதீர்கள். வாடைக்காற்று மழையோடு வருவதற்கு முன்பே, செப்டெம்பரில் ஒருமுறை பாருங்கள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் நவம்பர் வெள்ளத்தில் அது வழுக்கும். கட்டை எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் தயாரித்து ஆறு வருடம் ஆனால் நான் கழற்றுகிறேன். பக்கச் சுவரில் வீக்கமோ புதிதாக ஒரு அதிர்வோ தெரிந்தால் ஆறு வருடம் வரை காத்திருப்பதும் இல்லை.

உதிரிச் சில்லையும் இதில் சேருங்கள். கெப்பின் அடியில், புகைக்குழாய்ச் சூட்டுக்குப் பக்கத்தில், உப்புத் தண்ணீர் தெறித்துக்கொண்டு தொங்கும் அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அக்போபுரவிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, முற்றத்தில் பாயை விரித்துப் படுத்து, டோர்ச் வெளிச்சத்தில் என்னுடையதைப் படித்தேன். முதல் நாள் என்னை வீடு கொண்டுவந்து சேர்த்த சில்லு அது. 0813 என்று எழுதியிருந்தது.